ஏ.என். கிளினிக்கில் (கர்ப்பிணிகள் செக்கப்பில்) மதுப்பழக்கத்தைப் பத்தி எப்படிக் கேக்கறதுங்க?

சென்னிமலைச் செவிலி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஈரோடு மாவட்டத்துல கிராம சுகாதார செவிலியரா இருக்கறேன். செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பிணிகளுக்குச் செக்கப். எடை, பி.பி., ஹீமோகுளோபின், யூரின், இரும்புச்சத்து மாத்திரைன்னு எல்லாம் ஒழுங்கா நடந்துருது. மதுப்பழக்கம் உண்டாங்கற கேள்வி மட்டும் யாரு வாயிலயும் வர்றதில்லை. கேட்டாலும், "அந்தப் பழக்கமெல்லாம் இல்லைதானே?"ன்னு பதிலையும் நாமளே சேத்துக் கேட்டுப்போட்டு, "இல்லை"ன்னு எழுதிடறோம். பக்கத்துல மாமியார் நிக்கறாங்க, பின்னாடி முப்பது பேர் வரிசைல இருக்காங்க.

எங்க பகுதிக்கு வர்றவங்கள்ல சிலபேர் தோட்டத்துச் சாளைல இருக்கறவங்க. கள்ளு உடம்புச் சூட்டுக்கு நல்லதுன்னு நம்பறாங்க. பெருந்துறை, திருப்பூர்ப் பக்கம் வேலைக்கு வந்த வடமாநிலப் புள்ளைங்களும் வர்றாங்க. அவங்ககிட்ட பாஷையே தகராறு. நீர்க்கடுப்புக்குப் பீர் குடிக்கச் சொல்றது, பிள்ளை பெத்தவளுக்குப் பிராந்தி குடுக்கறது, மாசமா இருக்கறப்பவே அரிஷ்டம் குடுக்கறதுன்னு வீட்டு வைத்தியம் வேற.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதானுங்க. எந்த வார்த்தைல கேக்கறது? "ஆமா"ன்னு சொன்னா அடுத்து என்ன பேசறது? முழுகாம இருக்கறது தெரியாம குடிச்சுட்டேன்னு அழுதா என்ன பதில்? தினமும் குடிக்கறவங்களை என்ன பண்றது? போஸ்டர்ல போடற வாசகம் வேண்டாமுங்க, மேசைக்கு முன்னாடி உக்காந்து பேசற மாதிரி சொல்லுங்க.

---

நொய்யல்கரை (மகப்பேறு மருத்துவம்) பதில்:

சிஸ்டர், ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்கிற பழக்கத்தை முதலில் விட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒவ்வொரு கர்ப்பிணியிடமும், முடிந்தவரை ஆரம்பத்திலேயே, பிறகு வருகிற ஒவ்வொரு முறையும் மது, புகையிலை, மற்ற போதைப் பொருட்களைப் பற்றிக் கேட்கச் சொல்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியப் பெண்களில் ஏறக்குறைய 1 சதவீதம் பேர்தான் குடிப்பதாகச் சொன்னார்கள். ஆண்களில் 19 சதவீதம். தமிழ்நாட்டுப் பெண்கள் கணக்கு 1 சதவீதத்துக்கும் கீழே. இந்த எண்ணைக் காட்டித்தான் "நம்ம ஊர்ப் பொம்பளைங்க யாரு குடிக்கறாங்க" என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். அது வாய்விட்டு ஒத்துக்கொண்டவர்களின் கணக்கு. ஒத்துக்கொள்ள இடமே கொடுக்காத ஊரில் அந்த எண் சிறிதாகத்தான் இருக்கும். எல்லோரிடமும் கேட்டால் யாருக்கும் "என்னை மட்டும் ஏன் கேக்கறாங்க" என்ற வருத்தம் வராது. அதையே முதல் வாக்கியமாகவும் சொல்லிவிடலாம்.

தனிமைக்குத் தனி அறை தேடி அலைய வேண்டாம். யூரின் டப்பா கொடுக்கும் இடம், எடை பார்க்கும் இடம், படுக்க வைத்து வயிறு பார்க்கும் திரைக்குப் பின்னால், இந்த மூன்றில் ஒன்று போதும். மாமியாரை அந்த நேரத்தில் மாத்திரை வாங்கவோ, அட்டையை ரிஜிஸ்டரில் பதியவோ அனுப்புங்கள். "நீங்க வெளிய இருங்க" என்று சொன்னால் வீட்டுக்குப் போனதும் மருமகளைக் குடைவார்கள். ஒரு வேலை கொடுத்து அனுப்பினால் அந்தச் சந்தேகமே வராது.

கேட்கும் வார்த்தை இப்படிப் போகலாம்: "அம்மணி, வர்ற எல்லாருகிட்டயும் கேக்கறதுதான். சாப்பாடு எறங்குதா? டீ, காப்பி எத்தனை வேளை? வெத்தலை, புகையிலை போடுவீங்களா? முழுகாம இருக்கறது தெரியறதுக்கு முந்தின மூணு மாசத்துல கள்ளு, பீரு, ஒயினு, பிராந்தின்னு எது குடிச்சிருந்தாலும் சொல்லுங்க, எங்கிட்டயே இருக்கும்." இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. "மது அருந்துவீர்களா" என்று கேட்டால், கள்ளு குடிக்கிற பெண் மனதார "இல்லை" என்பாள், அவளுக்குக் கள்ளு மது இல்லை, பீரும் பலருக்கு இல்லை. ஆகவே ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேளுங்கள். அடுத்து, இப்போது குடிக்கிறாயா என்று தொடங்காமல் கர்ப்பத்துக்கு முந்தின மாதங்களில் தொடங்குவது. அதற்குப் பதில் சொல்ல வெட்கம் குறைவு, கர்ப்பத்தில் யார் குடிக்கக்கூடும் என்பதையும் அந்தப் பதிலே நன்றாகக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, முகம். நாம் புருவத்தை உயர்த்திவிட்டால் அந்தப் பெண் அடுத்த ஒன்பது மாதமும் உண்மை சொல்ல மாட்டாள்.

"ஆமா" என்றால் அளவு கேட்க வேண்டும். "கொஞ்சமா" என்கிற பதிலை வைத்து எதுவும் செய்ய முடியாது. 10 கிராம் ஆல்கஹாலை ஓர் அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் 42.8 சதவீதம். அதில் 30 மில்லி ஓர் அளவு. கட்டிங் எனப்படும் 90 மில்லி மூன்று அளவு, குவார்ட்டர் 180 மில்லி ஆறு அளவு. பீர் பாட்டில் 650 மில்லி: 5 சதவீத பீர் என்றால் இரண்டரை, 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் நான்கு. "பீரு தானுங்க" என்று சொல்லும் பெண் ஒரு ஸ்ட்ராங் பாட்டில் குடித்திருந்தால் அது பிராந்தியில் 120 மில்லிக்குச் சமம். கள்ளு நேரம் ஆக ஆக ஏறும். 5 சதவீதம் என்று வைத்தால் அரை லிட்டருக்கு இரண்டு அளவு, சாயங்காலம் வரை வைத்த கள்ளு அதற்கு மேலும் போகும். ஒரே நேரத்தில் நான்கு அளவு, அதற்கு மேல் குடிப்பதுதான் கருவுக்கு மிக மோசம். "வாரத்துல ஒருநாள் மட்டுந்தான்" என்ற பதிலில் ஏமாறாமல் அந்த ஒரு நாளில் எவ்வளவு என்று கேளுங்கள். திருப்பூர் பக்கம் வாரச் சம்பளம் வரும் சனிக்கிழமையைக் குறிப்பிட்டே கேட்கலாம்: "போன சனிக்கிழமை சாயங்காலம் என்ன குடிச்சீங்க?"

டி-ஏஸ் என்று நாலு கேள்விக் கருவி ஒன்று இருக்கிறது, கர்ப்பிணிகளுக்காகவே வந்தது. "எத்தனை குடிச்சா ஏறும்?" இரண்டு அளவுக்கு மேல் என்றால் 2 மதிப்பெண். "குடிக்கறதைப் பத்தி யாராச்சும் சொல்லிச் சங்கடப்பட்டிருக்கீங்களா?" 1. "குறைக்கணும்னு தோணியிருக்குங்களா?" 1. "காலைல எந்திரிச்ச ஒடனே, கை நடுக்கத்துக்கோ தலைவலிக்கோ குடிச்சதுண்டா?" 1. மொத்தம் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பேச வேண்டியவர். முதல் கேள்வி எவ்வளவு குடிக்கிறாய் என்று நேராகக் கேட்பதில்லை. அதனால்தான் உண்மை வருகிறது. கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் நிறுத்தச் சொல்லும் முன்பே எனக்கோ உங்கள் மருத்துவருக்கோ போன் செய்யுங்கள். காரணத்தைக் கீழே யாராவது விரிவாக எழுதுவார்கள்.

---

பவானிக் கூடுதுறை (ஆலோசகர்) பதில்:

டாக்டர் கேட்கும் முறையைச் சொல்லிவிட்டார். "ஆமா" வந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன். பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான்.

"ஆமா"வுக்கு முதல் பதில், "சொன்னது நல்லதுங்க, இனிமே சேந்து பாத்துக்கலாம்." அதற்கு முன் வேறு ஒரு சொல்லும் வேண்டாம். "ஐயையோ" வேண்டாம், "புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்பதும் வேண்டாம். இரண்டுமே பேச்சை அடைத்துவிடும்.

அடுத்து அனுமதி. "மதுவுக்கும் வயித்துப் புள்ளைக்கும் என்ன சம்பந்தம்னு சொல்லட்டுங்களா?" தலையாட்டினால் இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். தாய் குடித்தது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளையின் ரத்தத்துக்கும் போகிறது, கொஞ்ச நேரத்தில் தாய்க்கு இருக்கிற அளவுக்கே வந்துவிடுகிறது. அதை முறிக்கும் பொருள் பிள்ளையின் கல்லீரலில் இன்னும் சரியாக உண்டாகவில்லை. பனிக்குட நீரிலும் அது தங்கும், பிள்ளை அந்த நீரைத் திரும்பத் திரும்ப விழுங்கும். ஆகவே தாய்க்குத் தெளிந்த பிறகும் பிள்ளைக்குத் தெளிவதில்லை. கருச்சிதைவு, குறைமாதம், எடை குறைவு, இவற்றோடு பிறந்த பிறகு படிப்பு, கவனம், நடத்தை இவற்றில் ஆயுசுக்கும் நிற்கிற குறை வரலாம். இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவு கண்டுபிடிக்கப்படவில்லை. பாதுகாப்பான மாதமும் இல்லை, பாதுகாப்பான சரக்கும் இல்லை.

பிறகு வாயை மூடிக்கொண்டு, "இதைக் கேட்டா உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள். பெரும்பாலான செவிலியர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, அடுத்த அறிவுரைக்குத் தாவிவிடுகிறார்கள். அந்தப் பெண்ணே "நிறுத்தோணுமுங்க" என்று சொல்லும் வாக்கியம் நாம் சொல்லும் பத்து வாக்கியத்தைவிட நிற்கும். அதற்கப்புறம் எப்போது, யாரோடு, எதற்காகக் குடிப்பது என்று கேட்டு, அந்த இடத்துக்கு மட்டும் ஒரு வழி பண்ணுங்கள். கெடாவிருந்தில் நங்கையா ஊற்றிக் கொடுத்தால் என்ன சொல்வது? "டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு, சேராதாம்" என்ற ஒரு வரி பலரைக் காப்பாற்றுகிறது, யாரையும் புண்படுத்துவதும் இல்லை. புருசன் வாங்கி வருவதில் பங்கு என்றால் புருசனையும் பார்க்க வேண்டும். தூக்கம் வரவில்லை, இடுப்பு வலி தாங்கவில்லை என்றால் அந்த வலிக்கு மருத்துவம் பண்ண வேண்டும். காரணத்தை விட்டுவிட்டு மதுவை மட்டும் பிடுங்கினால் இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிடும்.

முழுதாக நிறுத்த இன்றைக்கு மனம் வராதவரைத் திட்டி அனுப்பாதீர்கள். நிறுத்துவதுதான் இலக்கு என்பதை மாற்றாமல், ஒரே மூச்சில் குடிப்பதைத் தவிர்ப்பது, வெறும் வயிற்றில் குடிக்காமல் இருப்பது, நாட்களைக் குறைப்பது என்று படி வைத்துக் கொடுங்கள். ஒரு வாரத்தில் திரும்பப் பாருங்கள். 28 வாரம் வரை மாதம் ஒருமுறைதான் செக்கப், அவ்வளவு நாள் விட முடியாது. வீட்டுக்குப் போகும் வேலை உங்களுக்கு இருக்கிறதல்லவா, அதில் ஐந்து நிமிடம் போதும்.

தெரியாமல் குடித்தவருக்கான பதில். இதை நன்றாக மனதில் வையுங்கள், ஏனென்றால் கேட்பவர் இரண்டு எல்லைக்கும் போகத் தயாராக இருப்பார். ஒன்று "கலைச்சுடலாங்களா", இன்னொன்று "குடிச்சாச்சு, இனி என்ன". பதில்: "குடிச்சதை மாத்த முடியாதுங்க. இன்னிக்கு நிறுத்தினா இன்னிக்கிலிருந்து புள்ளைக்கு லாபம். மூளை பத்து மாசமும் வளருது, நீங்க நிறுத்தற ஒவ்வொரு நாளும் அதுக்குச் சேரும்." ஆரம்ப வாரங்களில் ஒன்றிரண்டு தடவை கொஞ்சம் குடித்தது மட்டுமே கருவைக் கலைக்கக் காரணம் ஆகாது. அதே நேரம் "எதுவும் ஆகியிருக்காது" என்று உறுதி கொடுக்கும் உரிமையும் நமக்கு இல்லை. 18–20 வார ஸ்கேனில் நல்லபடியாக இருந்தால் உறுப்புகளின் அமைப்பு சரி என்று அர்த்தம், மூளை வேலை செய்யும் விதத்தை ஸ்கேன் காட்டாது. ஸ்கேன் நன்றாக வந்துவிட்டது, இனிக் குடிக்கலாம் என்று ஒரு பெண்ணும் நினைத்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள், குடிப்பவர்களுக்கு உடம்பில் அது குறைந்திருக்கும்.

மதுவால் வரும் பிறவிப் பாதிப்பை 1968இல் பிரான்சில் லெமோயன் குழுவினரும், 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸும் ஸ்மித்தும் எழுதி வைத்தார்கள். சின்னக் கண் பிளவு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் பள்ளமில்லாத தட்டையான இடம், மெல்லிய மேலுதடு, இவை முகக் குறிகள். பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முகத்தில் ஒன்றும் தெரியாது. "அவ குடிச்சா, புள்ளை நல்லாத்தான இருக்குது" என்று ஊரில் உதாரணம் காட்டுவார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகுதான் குறை தெரியவரும், அப்போது யாரும் இதோடு முடிச்சுப் போடுவதில்லை.

---

சென்னிமலைச் செவிலி:

ரொம்ப நன்றிங்க. இரண்டு சந்தேகம் நிக்குதுங்க. ஒண்ணு, "இல்லை"ன்னு சொல்றவங்க மேல சந்தேகம் இருந்தா ரத்தம், யூரின் எடுத்துக் கண்டுபுடிக்கலாங்களா? இன்னொண்ணு, காலைல கை நடுங்குதுங்கற ஆளை ஏன் உடனே நிறுத்தச் சொல்லக் கூடாது?

---

அமராவதி வடகரை (மனநலப் பிரிவு) பதில்:

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன், சிஸ்டர். மாதக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்குப் பிறகு, குறிப்பாக மூன்றாம் நாள் வாக்கில், ஆள் நினைவு தப்பி, இல்லாததைப் பார்த்துப் பேசும் நிலை வரும். அதில் உயிர் போகும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிக்கு இதுவே குறைப்பிரசவத்தையும் பிள்ளைக்கு மூச்சுத் திணறலையும் கொண்டுவரலாம். நல்லது சொல்கிறோம் என்று "இன்னையோட விட்டுருங்க" என்று வீட்டுக்கு அனுப்பினால் மூன்றாம் நாள் 108இல் திரும்ப வருவார்.

ஆகவே கை நடுக்கம், காலைக் குடி, முன்பு நிறுத்தியபோது வலிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் இருக்கும் இடம் வேண்டும். நம் பக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று எழுதுவது நல்லது. சேரும் வரை அந்தப் பெண் தானாகத் திடீரென நிறுத்திவிட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இது கேட்கச் சங்கடமான வாக்கியம்தான், ஆனால் ஓரிரு நாளில் படுக்கை ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உள்ளே சேர்த்தபின் நடுக்கத்தின் அளவை மதிப்பெண் போட்டுப் பார்த்து, நீண்ட நேரம் வேலை செய்யும் பென்சோடையாசிபைன் வகை (நரம்பை அமைதிப்படுத்தும்) மருந்தைக் கொஞ்ச நாளைக்கு மட்டும் கொடுத்துக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் அதே வகையில் லோராசிபாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) போட வேண்டும். இதை மறந்து குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினால் தயமின் குறைந்த மூளைக்குக் கேடு. குடியை வெறுக்க வைக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை கர்ப்பத்தில் கூடாது. ரகசியமாகச் சோற்றில் கலந்து கொடுக்கும் பொடி என்று விளம்பரம் வருகிறதே, அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் அது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இதில் உயிர் போயிருக்கிறது. 20 வாரத்துக்கு மேல் ஒரு கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால், குடிப்பவர் என்று தெரிந்திருந்தாலும், "சரக்கு நிறுத்துனதால" என்று முடிவு கட்டாதீர்கள். வேறு காரணம் உறுதியாகும் வரை அதைப் பேறுகால வலிப்பாகவே (கர்ப்பத்தில் பி.பி. ஏறி வரும் வலிப்பு) எடுத்து, பி.பி., யூரின் புரதம் பார்த்து, உங்களுக்குக் கற்றுக்கொடுத்த முறைப்படி மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸை இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் ஆழமாகப் போட்டு 108இல் அனுப்புங்கள். குடிப்பழக்கத்தை அனுப்பும் சீட்டில் எழுதுங்கள், மறைக்காதீர்கள். அங்கே இருப்பவர்கள் இரண்டுக்கும் தயாராக இருக்கட்டும்.

---

காங்கேயம் வைத்தியர் பதில்:

அரிஷ்டம், கள்ளு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்கவைத்துச் செய்பவை, ஆல்கஹால் அவற்றுக்குள்ளேயே தானாக உண்டாவது. பாட்டிலில் "தானே உண்டாகும் ஆல்கஹால்" என்று சதவீதம் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 5 முதல் 10 வரை. 10 சதவீதம் என்றால் 30 மில்லியில் ஏறக்குறைய 2.4 கிராம். இரண்டு வேளை குடித்தால் டாக்டர் சொன்ன அளவில் பாதி. குவார்ட்டரோடு ஒப்பிட வேண்டிய விஷயம் அல்ல, பயமுறுத்த வேண்டியதும் இல்லை. ஆனால் கர்ப்ப காலத்தில் இதைக் குடித்தே ஆக வேண்டிய அவசியமும் இல்லை. தசமூலம் கஷாயமாகவும் கிடைக்கிறது, பிரசவத்துக்குப் பிறகு அதைக் கேட்டு வாங்கலாம். பிரசவ லேகியத்தில் ஆல்கஹால் இல்லை. கர்ப்பிணி எந்த மருந்து எடுப்பதானாலும் வைத்தியரிடம் மாதத்தைச் சொல்லிவிட்டு எடுக்கட்டும். சில டானிக்கிலும் இருமல் மருந்திலும்கூட ஆல்கஹால் இருக்கும், லேபிளைப் படித்துப் பார்க்கலாம்.

கள்ளுக்கும் தெளுவுக்கும் (பதநீர்) வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுங்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியது தெளுவு. சுண்ணாம்பு இருக்கிறவரை அது புளிக்காது. சுண்ணாம்பு போதாமல் போனாலோ, வெயில் ஏறும் வரை வைத்திருந்தாலோ நுரை கட்டிப் புளிப்பு வாடை வரும், அப்போது அது கள்ளுதான். குளிர்ச்சிக்குத்தான் என்றால் இளநீர், மோர், விடிகாலையில் இறக்கிய தெளுவு ஒரு டம்ளர் போதும். தெளுவில் சர்க்கரை அதிகம். 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை டெஸ்டில் 140ஓ அதற்கு மேலோ வந்தவர்களுக்கு அதுவும் வேண்டாம். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. அதனால் குடிக்கிறவர் செவிலியரிடம் சொல்லப் பயப்படுவார். "போலீசுக்குச் சொல்றதுக்குக் கேக்கலைங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் எல்லை தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படியே இருக்கிறது, அங்கே போய் வருவதையும் கேளுங்கள்.

பழைய சோத்து நீராகாரம், கம்மங்கூழ் குடிக்கலாமா என்றும் கேட்பார்கள். தாராளமாகக் குடிக்கலாம். ஓர் இரவு ஊறியதில் இருப்பது கணக்கில் வராது. இதையும் சேர்த்துத் தடுத்தால் நாம் சொல்லும் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

நீர்க்கடுப்புக்குப் பீர் என்பது மோசமான யோசனை. கர்ப்பிணிக்கு நீர்க்கடுப்பு என்றால் யூரினில் கிருமி இருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறும், குறைமாதப் பிரசவம் வரை போகும். பீர் குடித்து எரிச்சல் கொஞ்சம் அடங்கினால் டெஸ்ட் தள்ளிப்போகும், அதுதான் கேடு.

பிள்ளை பெற்றவளுக்குப் பிராந்தி, பால் ஊறப் பீர் இரண்டும் வேண்டாம். ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹாலோ அவ்வளவே பாலிலும் இருக்கும். பால் இறங்குவதும் குறையும், பிள்ளை குடிக்கும் அளவும் குறையும். யாராவது குடித்துவிட்டார் என்றால் ஓர் அளவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பால் கொடுக்கச் சொல்லுங்கள். பீய்ச்சிக் கொட்டினால் சீக்கிரம் போகாது, ரத்தத்தில் குறையும்போதுதான் பாலிலும் குறையும். இதற்காகத் தாய்ப்பாலையே நிறுத்திவிடச் சொல்ல வேண்டாம். சளிக்கு என்று பச்சைக் குழந்தை நெஞ்சில் பிராந்தி தேய்ப்பதையும் நாக்கில் தொட்டு வைப்பதையும் அம்மிச்சிகளிடம் நேரிலேயே சொல்லி நிறுத்துங்கள். பச்சைக் குழந்தையின் தோல் வழியாகவும் அது உள்ளே போகும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப் பிள்ளை துவண்டுவிடும்.

---

பின்னலூர் பதில்:

வடமாநிலத் தொழிலாளிகளைப் பற்றி ஒரு வார்த்தைங்க. ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடிக் குடும்பங்கள்ல "ஹண்டியா"ன்னு அரிசிக் கள்ளு உண்டு. நோம்பிக்கும் பூசைக்கும் ஆணும் பொண்ணும் சேந்தே குடிப்பாங்க. அவங்களுக்கு அது வெட்கப்படற விஷயமில்லை, ஆக அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டா நேராப் பதில் வரும். இந்தில மதுவுக்குச் சொல்ற "சராப்"னு கேட்டா வராது. மொழிபெயர்க்கப் புருசனைக் கூப்புடாதீங்க, லேபர் காண்ட்ராக்டரைக் கூப்புடவே கூடாது. கம்பெனில கொஞ்ச நாள் இருந்து தமிழ் பழகின இன்னொரு பொண்ணு போதும், அதுவும் அந்தப் புள்ளை சரின்னு சொன்னாத்தான். ஊர் மாறிப் போயிருவாங்கங்கறதால ஆர்.சி.எச். எண்ணை (கர்ப்பிணிப் பதிவு எண்) அவங்க போன்லயே சேத்து வைக்கச் சொல்லுங்க.

---

நொய்யல்கரை:

சிஸ்டரின் முதல் சந்தேகம் பாக்கி இருக்கிறது. டெஸ்ட் வைத்துப் பிடிப்பது வேண்டாம். யூரினில் ஆல்கஹாலின் கழிவு சில நாட்கள்தான் தெரியும், ஒரு வாரம் விட்டுக் குடிப்பவர் தப்பிவிடுவார். ரத்தத்தில் சில வாரம் தங்கும் குறிகாட்டி ஒன்று உண்டு, நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்காது. சிவப்பணுவின் பருமன் கூடியிருப்பது குடியின் அடையாளம் என்பார்கள், ஆனால் இரும்புச்சத்துக் குறைவு அதை மறைத்துவிடும், நம்மிடம் வரும் பாதிப் பேருக்கு அந்தக் குறைவு இருக்கிறது. இதையெல்லாம் விட, சொல்லாமல் சோதித்தது தெரிந்தால் அடுத்த மாதம் செக்கப்புக்கே வர மாட்டார்கள். செக்கப்புக்கு வராத கர்ப்பிணிக்கு மது தவிர இன்னும் பத்து ஆபத்து. "இல்லை" என்றால் "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த முறையும் கேளுங்கள். மூன்றாம் தடவை உண்மை சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே எழுதுவது என்பதும் முக்கியம். தாய் சேய் நல அட்டை வீட்டில் எல்லோர் கையிலும் போகும். அதில் எழுதாதீர்கள். நிலையத்தில் இருக்கும் கேஸ் ஷீட்டில் என்ன குடித்தார், எத்தனை அளவு, எந்த வாரம், என்ன சொன்னோம், திரும்ப எப்போது பார்க்கிறோம் என்று எழுதினால் போதும். மனநலத்துக்குச் சிகிச்சை பெறுபவரின் விவரத்தைக் காப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படியே உரிமை. மாமியார் நேராக வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது.

புருசன் குடிக்கும் வீடு பற்றி யாரும் எழுதவில்லை. அந்தக் கேள்வியும் தனிமையில்தான்: "குடிச்சுட்டு வந்தா கை ஓங்குவாரா? வயித்துல அடிச்சதுண்டா?" ஆமாம் என்றால் அவரைக் கூப்பிட்டு நாம் கண்டிக்கக் கூடாது, அன்று ராத்திரி அடி அந்தப் பெண்ணுக்குத்தான் விழும். 181 பெண்கள் உதவி எண்ணும், மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையமும் இருப்பதைச் சொல்லுங்கள். சீட்டில் எழுதித் தராமல் எண்ணை மனப்பாடம் பண்ண வையுங்கள். அடி இல்லாத வீட்டில் புருசனைக் குழந்தையை முன்வைத்து அழைக்கலாம், ஸ்கேன் நாள் அதற்கு நல்ல சந்தர்ப்பம். குடியை விட விரும்பினால் 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டுமே கட்டணமில்லாதவை.

கடைசியாகப் பிரசவத்தன்று. கர்ப்பத்தில் குடித்தது தெரிந்த பெண்ணின் குழந்தையைப் பற்றிக் குழந்தை மருத்துவரிடம், அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, ஒரு வரி தெரிவியுங்கள். எடை, தலைச் சுற்றளவு, பால் குடிக்கும் விதம் பார்ப்பார்கள். பிறகு தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் தலைச் சுற்றளவைப் பதியுங்கள். வளர்ச்சியில் தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பலாம், குழந்தைகள் நலப் பரிசோதனைக்கான ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் 18 வயது வரை இடம் உண்டு. அனுப்பும் சீட்டில் கர்ப்ப கால விவரம் இருந்தால் அங்கே காரணம் தேடி வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்காது.